ஊடகம், தொடர்பியல் முதுகலை: சேருமுன் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

புதுநடை:

அனைவருக்கும் வணக்கம். இளநிலையில் உயிரியல் படித்துவிட்டு, இப்போது ஒரு பொதுநல அமைப்பில் உடல்நலம் குறித்த துண்டறிக்கைகளும் இணையக் கட்டுரைகளும் எழுதும் பணியில் இருக்கிறேன். எழுத்து வேலை எனக்குப் பிடித்தமானது. ஆனால் நாங்கள் எழுதுவதை யார் படிக்கிறார்கள், படித்தவர்கள் நம்புகிறார்களா, நம்பினாலும் அதன்படி நடக்கிறார்களா என்ற கேள்விகளுக்கு அலுவலகத்தில் எவரிடமும் விடை இல்லை. பார்வையாளர் எண்ணிக்கை கூடினால் மகிழ்கிறோம். குறைந்தால் தலைப்பை மாற்றுகிறோம். இவற்றை முறையாகப் பயில வேண்டும் என்பதற்காகவே ஊடகம், தொடர்பியல் சார்ந்த முதுகலையில் சேர விரும்புகிறேன்.

பாடத்திட்டங்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடுகிறது. இதழியல், வெகுமக்கள் தொடர்பியல், ஊடக ஆய்வுகள் என்று ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறது. உள்ளே கற்பிப்பதில் உண்மையான வேறுபாடு உண்டா? ஊடகப் பின்னணி இல்லாத என்னைப் போன்றவர்கள் வகுப்பில் திணற நேருமா? முடித்தபின் வேலை கிடைக்குமா என்பதையும் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது, ஏனெனில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

அச்சுமை:

வாருங்கள் புதுநடை. நாளிதழ் ஒன்றில் செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

இந்தப் படிப்புகளுக்குப் பின்னால் இரண்டு பரம்பரைகள் உள்ளன. ஒன்று, தொழில் கற்பிக்கும் பரம்பரை. அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908-இல் இதழியல் பள்ளியைத் தொடங்கியது. நாளிதழ் அதிபர் புலிட்சர் விட்டுச் சென்ற கொடையைக் கொண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1912-இல் தொடங்கியது. செய்தியைத் திரட்டுவது, சரிபார்ப்பது, எழுதுவது, திருத்துவது ஆகியவை அங்கே மையம். மற்றொன்று, ஊடகத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட பரம்பரை. வானொலிப் பரப்புரையும் தேர்தல் பிரசாரமும் மக்களை என்ன செய்கின்றன என்ற கவலையிலிருந்து, 1930-களிலும் 40-களிலும் சமூகவியலர், உளவியலர், அரசியல் அறிஞர் ஆகியோர் கூடி வளர்த்தது அது. யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார் என்று அரசியல் அறிஞர் லாஸ்வெல் 1948-இல் அடுக்கிய கேள்விகள் இன்றும் முதல் வாரப் பாடமாக இருக்கின்றன.

நீங்கள் கேட்பவை இரண்டாம் பரம்பரையின் கேள்விகள். ஆகவே துறையின் பெயரை விட்டுவிட்டு, பாடத்திட்டத்தில் ஆய்வு முறையியலுக்கு எத்தனை தாள்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், இறுதியில் ஆய்வேடா அல்லது தயாரிப்புப் பணியா என்று பாருங்கள். முறையியல் ஒரே தாளாகவும், காணொளித் தயாரிப்பு, செய்தி எழுத்து, மக்கள் தொடர்பு ஆகியவை மற்ற தாள்களாகவும் இருந்தால், பெயரில் ‘ஆய்வு’ என்று இருந்தாலும் அது தொழிற்படிப்பே. தொழிற்படிப்பு தாழ்ந்தது என்பதில்லை. உங்களுக்கு வேண்டியது அங்கே கிடைக்காது, அவ்வளவே.

ஒரு துறை இரண்டையும் இணைக்க முடியும் என்பதற்குச் செய்தி மேசையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். டேவிட் மானிங் வைட் என்ற ஆய்வாளர் ஒரு சிறு நகர நாளிதழின் ஆசிரியரிடம், செய்தி நிறுவனங்களிலிருந்து வந்தவற்றில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒவ்வொன்றின் மீதும் ஒதுக்கியதற்கான காரணத்தை எழுதித் தரும்படி கேட்டார். ஒரு வாரத்துத் தாள்கள் அவ்வாறு திரட்டப்பட்டன. வந்தவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. ‘இடமில்லை’ என்று பல தாள்களில் எழுதியிருந்தது. வேறு சிலவற்றில் அந்த ஆசிரியரின் சொந்த விருப்பு வெறுப்புகள் ஒளிவுமறைவின்றி இருந்தன. 1950-இல் வெளியான அக்கட்டுரையை நான் வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்துப் படித்தேன். நாள்தோறும் கைப்பழக்கமாகச் செய்துவந்த ஒரு வேலையை அதன்பின் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

அலைவரிசை:

அச்சுமை ஐயா சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் வேலையைப் பற்றிய கேள்வியை அவர் தொடாமல் விட்டதால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானொலியிலும் பிறகு ஒலியோடை (பாட்காஸ்ட்) தயாரிப்பிலும் பணியாற்றுகிறேன். ஆள் எடுக்கும் குழுக்களில் அமர்ந்திருக்கிறேன். விண்ணப்பதாரர் எந்தக் கோட்பாட்டைப் படித்தார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. செய்து முடித்த வேலையைக் காட்டச் சொல்கிறோம்: ஒலித் துண்டு, எழுதிய கட்டுரை, தொகுத்த காணொளி. ஆய்வேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவரைவிட, பட்டம் இல்லாமல் நல்ல படைப்புகளோடு வருபவரையே தயாரிப்பு அறை தேர்ந்தெடுக்கும்.

புதுநடை ஏற்கெனவே எழுதும் வேலையில் இருக்கிறார். அதை விட்டுவிட்டு, வருமானமும் இன்றி, பெரும்பகுதி வாசிப்பாகவே இருக்கும் ஒரு படிப்பில் சேருவது சரியான முடிவா என்று அவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் படிக்க வழி உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும். கோட்பாடு வீண் என்று நான் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எது கணக்கில் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்கிறேன்.

ஆய்வுமேசை:

முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் கற்பிக்கிறேன். அலைவரிசை சொல்வது தயாரிப்புப் பணிகளுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் புதுநடை தேடுவது தயாரிப்புப் பணி அல்ல என்று நினைக்கிறேன். ‘நாங்கள் எழுதியது என்ன செய்தது?’ என்று கேட்பவருக்கு வேண்டியது விடை காணும் திறன். அந்தத் திறன் வகுப்பில் எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு பயிற்சியைக் கொண்டு காட்டுகிறேன்.

உள்ளடக்கப் பகுப்பாய்வு என்ற முறையைக் கற்பிக்கும்போது, மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே செய்திக் கட்டை ஒவ்வொருவரும் தனித்தனியே வகைப்படுத்தச் சொல்வேன். ‘இந்தச் செய்தி யாரைப் பொறுப்பாளி ஆக்குகிறது?’ என்பது ஒரு கேள்வி. தனிநபர், நிறுவனம், அரசு, எவரும் இல்லை என்று நான்கு விடைகள் இருக்கும். படிக்கும்போது மிக எளிதாகத் தோன்றும். ‘படுக்கை கிடைக்காமல் நோயாளி உயிரிழப்பு’ என்ற தலைப்பு வரும். ஒருவர் ‘நிறுவனம்’ என்று குறித்திருப்பார், ஏனெனில் படுக்கை தர வேண்டியது மருத்துவமனை. மற்றவர் ‘எவரும் இல்லை’ என்று குறித்திருப்பார், ஏனெனில் வாக்கியத்தில் எவர் மீதும் பழி இல்லை. இருவரும் தம் பக்கமே சரி என்று வாதிடுவார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஒன்று விளங்கும்: ‘எவரும் இல்லை’ என்றவர் செய்தியில் எழுதியிருப்பதைக் குறித்தார், ‘நிறுவனம்’ என்றவர் வாசகர் என்ன நினைப்பார் என்பதை ஊகித்துக் குறித்தார். எதை அளக்கிறோம் என்பதை நம் குறியீட்டு விதி, அதாவது வகைப்படுத்தும் விதி, சொல்லவே இல்லை. விதியைத் திருத்தி, வேறொரு செய்திக் கட்டில் மீண்டும் தொடங்குவார்கள்.

இருவரும் ஒத்துப்போகும் அளவை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதற்கு அளவுகோல்கள் உண்டு. தொடர்பியல் அறிஞர் கிரிப்பெண்டார்ஃபின் ஆல்ஃபா அவற்றுள் ஒன்று. 0.80-க்கு மேல் இருந்தால் தரவை நம்பலாம், 0.667 முதல் 0.80 வரை இருந்தால் தற்காலிக முடிவுகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பது அவர் தந்த வரையறை. முதல் சுற்றில் பெரும்பாலான இணைகள் இந்தக் கீழ் எல்லையைக்கூடத் தொடுவதில்லை. ‘ஊடகங்கள் பாரபட்சமாக இருக்கின்றன’ என்று எளிதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பயிற்சிக்குப் பின் அப்படிச் சொல்வதற்கு முன் எத்தனை செய்திகள், எந்தக் காலம், எந்த விதிப்படி என்று தாமே கேட்கத் தொடங்குகிறார்கள். இந்தப் படிப்பின் சிறந்த பலன் இதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.

உயிரியல் பின்னணியைக் குறையாக எண்ண வேண்டாம். மாதிரி எடுப்பது, ஒப்பீட்டுக் குழு வைப்பது, புள்ளியியல் சோதனை ஆகியவை உங்களுக்குப் பழக்கமானவை. நீங்கள் உழைக்க வேண்டிய இடம் வேறு. ஒரு நேர்காணலை எண்ணாக்காமல், அதன் பொருளைப் பேசியவரின் நிலையிலிருந்து விளக்கும் வாசிப்புக்குப் பழகச் சற்றுக் காலம் பிடிக்கும்.

விளம்பரவாசி:

அலைவரிசைக்கு ஒரு சிறு மறுப்பு. நான் வாடிக்கையாளர் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் நேர்முகத் தேர்வில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, ‘இதில் எந்தக் கேள்வி பதிலளிப்பவரை ஒரு பக்கம் தள்ளுகிறது?’ என்று கேட்போம். ஆய்வேடு எழுதி முடித்தவர்களால் அதைப் பார்த்த மாத்திரத்தில் சுட்டிக்காட்ட முடிகிறது. பார்வையாளர் ஆய்வு, உடல்நலப் பரப்புரை மதிப்பீடு, தேர்தல் கருத்துக்கணிப்பு, தளங்களின் உள்ளடக்கக் கொள்கை போன்ற இடங்களில் தயாரிப்புத் திறனைவிட இந்தத் திறனுக்கே மதிப்பு.

புதுநடை:

அனைவருக்கும் நன்றி. ஆய்வுமேசை அம்மா விவரித்த பயிற்சியைப் படித்ததும், எனக்கு வேண்டியது இதுதான் என்று தெளிவாகிவிட்டது. அலைவரிசை கேட்டதுபோல் பகுதிநேர வாய்ப்பையும் விசாரிக்கிறேன்.

என் உள்ளத்தில் இருக்கும் பொருள் இதுதான்: வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் உள்ள உறவினர், நண்பர்களின் செய்திக் குழுக்களில் உடல்நலம் குறித்த தவறான தகவல்கள் ஓயாமல் பகிரப்படுகின்றன. நாங்கள் எழுதும் சரியான தகவலைவிட அவையே வேகமாகப் பரவுகின்றன. மக்கள் ஏன் அவற்றை நம்புகிறார்கள் என்று ஆராய விரும்புகிறேன். இதை ஒரு முதுகலை ஆய்வேட்டில் செய்ய முடியுமா? கோட்பாடுகளில் எதைப் படிக்கத் தொடங்க வேண்டும்?

ஆய்வுமேசை:

நல்ல பொருள், ஆனால் இப்போதைய வடிவில் ஒரு முதுகலைக்கு மிகப் பெரியது. கோட்பாட்டிலிருந்து தொடங்கினால் அதைச் சுருக்க வழி பிறக்கும்.

சமூகவியலர் லசார்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940 தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். பிரசாரம் வாக்காளரை நேரடியாக மாற்றுவதைக் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு போனார்கள். ஆனால் பலருடைய முடிவில் வானொலியையும் செய்தித்தாளையும்விட, தமக்குத் தெரிந்தவர்களின் பேச்சே எடை பெற்றிருந்ததைக் கண்டார்கள். அமெரிக்காவின் அயோவா மாநில உழவர்களிடையே கலப்பின மக்காச்சோள விதை பரவியதைப் பற்றி ரயன், கிராஸ் என்ற சமூகவியலர் இருவர் 1943-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையொட்டிய முடிவே கிடைத்தது. விதையைப் பற்றிப் பலர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர் வாயிலாக. விதைக்கலாம் என்று துணிந்ததில் அண்டை உழவரின் சொல்லுக்கே அதிகப் பங்கு. உங்கள் துண்டறிக்கை அந்த விற்பனையாளரின் இடத்திலும், குடும்பக் குழு அந்த அண்டை உழவரின் இடத்திலும் இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

அதே வேளையில் எதிர்த்திசையிலும் படிக்க வேண்டும். ஸ்டூவர்ட் ஹால் 1973-இல், பர்மிங்காம் பண்பாட்டு ஆய்வு மையத்திலிருந்து, அனுப்பியவர் வைத்த பொருளைப் பெறுபவர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்று வாதிட்டார். சிலர் அதை ஏற்கிறார்கள். சிலர் தம் வாழ்க்கைக்கு ஏற்பப் பேரம் பேசிப் பாதி ஏற்கிறார்கள். சிலர் எதிர்த்துப் படிக்கிறார்கள். இந்த ஆய்வாளர்களைப் படித்தவர் ‘மக்கள் ஏமாந்துவிட்டார்கள்’ என்ற முன்முடிவோடு களத்துக்குப் போக மாட்டார்.

இனி, செயல்முறைச் சிக்கல். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் மூடிய குழுக்களின் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது குழுவில் இருப்பவர் தவிர வேறு எவரும் படிக்க முடியாதவை. வெளியிலிருந்து திரட்ட முடியாது. பொதுத் தளங்களிலும் கதவுகள் குறுகிவிட்டன. ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அவர்கள் அறியாமல் திரட்டப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018-இல் வெடித்தபின் ஃபேஸ்புக் தரவு வழிகளை இறுக்கியது. 2023-இல் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) ஆய்வாளர்கள் பயன்படுத்திய இலவசத் தரவு வாயிலை மூடியது. பொதுப் பதிவுகள் பரவுவதைக் கண்காணிக்க ஆய்வாளர்கள் பெரிதும் சார்ந்திருந்த கிரௌட்டேங்கிள் கருவியை, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம் ஆய்வாளர்களுக்குத் தரவு தருவதைப் பெருந்தளங்களின் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் அதற்கான விண்ணப்ப நடைமுறையை ஒரு முதுகலை மாணவரின் கால அட்டவணைக்குள் அடக்குவது கடினம். ஆகவே பெருந்தரவைக் கனவு காணாமல், சிலரோடு ஆழமாகப் பேசும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். பங்கேற்பவர் தம் கைப்பேசியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, தாம் அண்மையில் பிறருக்கு அனுப்பிய உடல்நலச் செய்தி ஒவ்வொன்றையும் மேலே நகர்த்திப் பார்த்து, ஏன் அனுப்பினார் என்று உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. படம் எடுக்கவும் கூடாது. நினைவிலிருந்து பொதுவாகப் பேசுவதைவிட, கண்முன் இருக்கும் குறிப்பிட்ட செய்தியைப் பற்றி மக்கள் துல்லியமாகப் பேசுகிறார்கள்.

பின்னிருக்கை:

அண்மையில் இத்தகைய முதுகலையை முடித்தவன் என்பதால் காலத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஐரோப்பிய மதிப்பலகு முறையில் ஓர் ஆண்டுக்கு 60 அலகுகள். ஈராண்டு முதுகலை என்றால் 120. பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பே பெருவழக்கு. அந்நாட்டின் தனி அலகு முறையில் மொத்தம் 180 அலகுகள், அவற்றுள் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் 60. ஓராண்டுப் படிப்பு செலவையும் வேலை இழப்பையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் களப்பணி இருக்கும் ஆய்வேட்டை அதில் செய்வதற்கு மூச்சு முட்டும். வகுப்புகள் முடிந்து கோடையில் சில மாதங்களே மீதம் இருக்கும். அதற்குள் அறநெறிக் குழுவின் ஒப்புதல், நேர்காணல், எழுத்துப்பெயர்ப்பு, பகுப்பாய்வு எல்லாம் முடிய வேண்டும். எழுத்துப்பெயர்ப்பை எவரும் முன்கூட்டிக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத ஒரு முழு நாள் போய்விடும். பேச்சு ஒரு மொழியிலும் ஆய்வேடு வேறொரு மொழியிலும் இருந்தால் இன்னும் கூடும்.

நெறியாளரைப் பற்றியும் கேளுங்கள். துறையின் புகழைவிட, உங்கள் பொருளில் ஆர்வமுள்ள ஒருவர் அங்கே இருக்கிறாரா, அந்த ஆண்டு அவர் விடுப்பில் போகிறாரா, எத்தனை மாணவர்களை ஏற்கிறார் என்பவையே உங்கள் ஓராண்டைத் தீர்மானிக்கும். மின்னஞ்சலில் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை.

அலைவரிசை:

விளம்பரவாசியின் மறுப்பை ஏற்கிறேன். அவர் குறிப்பிட்ட வேலைகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. புதுநடைக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். படிக்கும் காலத்தில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். கண்டறிவதை ஆய்வேட்டோடு நிறுத்தாமல், அதே மக்கள் படிக்கக்கூடிய கட்டுரையாகவோ ஒலிக்கோப்பாகவோ செய்து வையுங்கள். உங்களோடு பேசியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையும் இருக்கிறது.

புதுநடை:

விண்ணப்பத்தோடு தர வேண்டிய நோக்க அறிக்கையின் தொடக்கத்தை எழுதிப் பார்த்தேன். தயவுசெய்து திருத்தித் தாருங்கள்:

‘தவறான தகவல் இன்று உலகம் முழுவதையும் அச்சுறுத்தும் பெரும் சவாலாக உருவெடுத்துள்ளது. எண்ம ஊடகங்களின் வளர்ச்சியால் மக்கள் எளிதில் ஏமாற்றப்படுகின்றனர். குடும்பச் செய்திக் குழுக்களில் மக்கள் ஏன் தவறான தகவல்களை நம்புகிறார்கள் என்பதை ஆராய்வதே என் நோக்கம்.’

அச்சுமை:

முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். சேர்க்கைக் குழு படிக்கும் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் தொடங்கும். இந்த இழையின் முதல் பதிவில் நீங்கள் எழுதியதே நல்ல தொடக்கம்: துண்டறிக்கை எழுதுகிறீர்கள், அதன்பின் என்ன நடக்கிறது என்று உங்கள் அலுவலகத்துக்குத் தெரியவில்லை, பார்வையாளர் எண்ணிக்கை அதைச் சொல்வதில்லை. அது உங்களுடையது; வேறு எவரும் அதை எழுத முடியாது.

ஆய்வுமேசை:

மூன்றாவது வாக்கியத்தையும் மாற்ற வேண்டும். ‘ஏன் நம்புகிறார்கள்’ என்று கேட்கிறீர்கள். ஆனால் குழுவில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அனுப்புதல் மட்டுமே. அனுப்பியவர் நம்பித்தான் அனுப்பினார் என்பதற்குச் சான்று இல்லை. உண்மையாக இருந்தால் பயன்படட்டுமே என்று ஒருவர் அனுப்பலாம், பேச்சற்றுப்போன உறவினரிடம் பேச ஒரு சாக்காகவும் இருக்கலாம், ‘இது சரியா?’ என்று மருத்துவம் தெரிந்த மகளிடம் கேட்பதற்காகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் ‘நம்பிக்கை’ என்ற ஒரே பெட்டியில் போட்டால், உங்கள் அமைப்பு மீண்டும் சரியான தகவலை இன்னும் உரக்கச் சொல்வதிலேயே போய் முடியும்.

‘உடல்நலச் செய்தியைக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவதன் மூலம் மக்கள் எதைச் செய்ய முனைகிறார்கள்?’ என்று எழுதிப் பாருங்கள். அதை நேர்காணலில் கேட்க முடியும். ஓர் ஆய்வேட்டுக்குள் அடங்கும். விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு துறைக்கும் இன்னொரு கேள்வியை அனுப்பிவிடுங்கள்: பங்கேற்பவர் ஒப்புதல் தந்தாலும் அதே குழுவில் இருக்கும் மற்றவர்கள் தரவில்லையே, அவர்களின் சொற்களை உங்கள் அறநெறிக் குழு எப்படிக் கையாளச் சொல்கிறது? அந்தக் கேள்விக்கு விரிவாக விடை எழுதும் துறை எதுவோ, அதை உங்கள் பட்டியலின் மேலே வையுங்கள்.